மூன்றாவது மேசை

குளிர் முடியும் நேரத்தில் எங்கள் கண்ணாடிக்கூடத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "என்னங்க, எல்லாம் செத்துப் போச்சா?" குடுவைச் செடிகள் அப்போது அப்படித்தான் இருக்கும். வெயில் மாதங்களில் முழங்கால் உயரத்துக்கு நிமிர்ந்து நின்று, வாயோரத்தில் தேன் கசிய, ஈயையும் குளவியையும் உள்ளே வழுக்கி விழவைத்த குடுவைகள் உச்சியிலிருந்து கீழாகப் பழுப்பேறி, காகிதம்போல் சுருங்கி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். சாகவில்லை. மண்ணுக்குள் விரல் தடிமனில் ஒரு கிழங்கு உறங்கிக்கொண்டிருக்கும். அந்த உறக்கம் அதற்குக் கட்டாயம். பாவம் என்று வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சூடான அறையில் வைப்பவர்கள்தான் அதைக் கொல்கிறார்கள். முதல் வருடம் ஒன்றும் தெரியாது. இரண்டாம் வருடமும் உறங்காமல் போனால் மூன்றாம் வருடத்துக்குச் செடி இருக்காது.

குளிர் போவதற்கும் தளிர் வருவதற்கும் நடுவில் இரண்டு வாரம் கிடைக்கும். பழைய குடுவைகளை வெட்டுவது அப்போதுதான். முன்னால் வெட்டினால் காயத்தில் உறைபனி இறங்கும். பிந்தினால் மண்ணோடு ஒட்டி வரும் பூமொட்டு கத்தரியில் மாட்டும். பழுத்ததை அடியோடு வெட்ட வேண்டும். பாதி பச்சையாக இருப்பதைப் பச்சை நிற்கும் இடம்வரை விட வேண்டும். வெட்டிய குடுவையைக் கவிழ்த்தால் போன வருடத்துப் பூச்சிகளெல்லாம் கறுப்புக் கூழாக வழியும். அந்த நாற்றம் விரலிலிருந்து போக மூன்று நாள் ஆகும்.

கூடம் என் மனைவியின் அண்ணனுடையது. எட்டு மேசை, மேசைக்கு எண்பது தொட்டி. மேசை முழுவதற்கும் அடியில் ஒரே தகரத் தட்டு, அதில் மழைத் தண்ணீர். கூடத்துக்குப் பின்னால் மச்சானின் வீடு. கீழே அவர், மாடியில் நானும் மனைவியும். மண் கலக்கும் அறையை ஒட்டிய ஒற்றை அறையில் எறும்பு இருந்தாள். பன்னிரண்டு வருடமாக இருந்தாள். புருஷன் இல்லாதவள், ஐம்பதைத் தாண்டியவள். தன் எடைக்கு மேல் மூட்டை தூக்குவாள், நின்று பார்த்தது கிடையாது. பெயர் வைத்தது மச்சான்தான். "இத்தனை குடுவை வச்சிருக்கேன், இந்த ஒரு எறும்பை எதுவும் முழுங்க மாட்டேங்குதே" என்று ஆள் வரும்போதெல்லாம் சொல்வார். "நான் கசப்பு சார், துப்பிடும்" என்பாள் அவளும் ஒவ்வொரு முறையும்.

கூடத்தின் கதவருகே ஒரு பலகை தொங்குகிறது. அதில் இரண்டு வரி. ஒவ்வொரு தொட்டியை வெட்டியதும் கத்தரியை ஸ்பிரிட்டில் முக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் எந்தச் செடியும் மூன்று மாதம் ஒதுக்கு அறையில் இருந்த பிறகுதான் மேசைக்கு வர வேண்டும். இரண்டையும் எழுதியது நான். அந்தக் குளிரில் இரண்டையும் மீறியதும் நான்தான்.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். பத்தொன்பது வயதில் நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வராது. கூடத்தில் தூக்கிப் போட்ட ஒரு கிழங்குத் துண்டை எடுத்துப்போய்த் தன் அறை சன்னலில் ஒரு வாளியில் நட்டு வைத்திருந்தாள். அது பிழைத்துக்கொண்டது. செத்த ஈக்களைப் பொறுக்கிவந்து இடுக்கியால் ஒவ்வொரு குடுவைக்குள்ளும் போடுவாள். "சாப்பிடுடா, அப்பாவோட செடிங்கெல்லாம் உன்னைவிட உயரம்" என்று அதனோடு பேசுவாள்.

அவள் போன பிறகு வந்த முதல் குளிரில் செடியைக் கூடத்துக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். மனைவி விடவில்லை. குடுவைகள் காய்ந்தபோது கத்தரியை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாதீங்க. இது அவ இருக்கறப்போ வந்த குடுவை. உள்ள கிடக்கற ஈ அவ போட்டது."

காய்ந்த குடுவை அடியில் ஈரம் தேங்கும், பூஞ்சை பிடிக்கும், அது கிழங்குக்குள் இறங்கும். இருபது வருடமாக இதே தொழில். அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. கத்தரியை வைத்துவிட்டேன். செடி அந்தக் குளிர் முழுக்க ஹீட்டர் அறையில் விழித்திருந்தது. அடுத்த வருடம் புல் மாதிரி மெலிந்த இலைகள்தான் வந்தன. குடுவை ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

இரண்டாவது குளிரும் பாதி போனபோது ஒரு மாலையில் அவளே கேட்டாள்.

"அங்க வச்சா பொழைக்குமா?"

"பொழைக்கும்."

"வெட்டுவீங்களா?"

"வெட்டித்தான் ஆகணும்."

அவள் வாளியைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ அங்கே ஒரு பாத்திரமும் இல்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முறைப்படி அது ஒதுக்கு அறைக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் ஒதுக்கு அறையின் சுவருக்கு அந்தப் பக்கம் கொதிகலன். அங்கே குளிர் நுழையாது. மூன்று மாதம் அங்கே வைத்தால் குளிர் முடிந்துவிடும், செடி இன்னொரு வருடம் உறங்காமல் போகும். அதோடு அது தீர்ந்தது. எனக்கு அதன் கணக்கு நன்றாகத் தெரியும். ஆகவே வாளியிலிருந்து எடுத்துக் கூடத்துக் கறுப்புத் தொட்டி ஒன்றில் மாற்றி, மூன்றாவது மேசையில் முதல் வரிசை முதல் இடத்தில், இடது மூலையில், இருந்ததை எடுத்துவிட்டு அங்கே வைத்தேன். எண்பதில் ஒன்று. யாருக்கும் சொல்லவில்லை.

வெட்டும் வாரம் வந்தது. நானும் எறும்பும் ஆளுக்கொரு மேசையாக எடுத்துக்கொண்டோம். மூன்றாவது மேசையை நானே எடுத்தேன். மூலைத் தொட்டியில்தான் தொடங்கினேன். ஐந்து குடுவை, இரண்டு வருடப் பழசு. அடியில் வெட்டியபோது கத்தரிக்குக் கீழே கொஞ்சம் மெத்தென்று இருந்தது. வெட்டுமுகத்தில் ஊசி நுனி அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. பார்த்தேன். பழசு, அப்படித்தான் இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். குடுவையைக் கவிழ்த்தேன். கூழ் வரவில்லை, எல்லாம் உலர்ந்துபோயிருந்தது. சிறகுகள் மட்டும் உள்ளங்கையில் உதிர்ந்தன, கண்ணாடித் துணுக்குகள் மாதிரி. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். பதினேழு வரை நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு எப்படி வெட்டினேன், என்ன செய்தேன் என்று தெரியாது. நிமிர்ந்தபோது மேசை முடிந்திருந்தது. எண்பது தொட்டியும் சுத்தமாக, வரிசையாக. ஸ்பிரிட் பாட்டில் மேசையோரத்தில் இருந்தது. மூடியின் பிளாஸ்டிக் சீல் வளையம் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

அன்றைக்கே சொல்லியிருந்தால் முக்கால்வாசியைக் காப்பாற்றியிருக்கலாம். மூலைத் தொட்டியை எடுத்துவிட்டு, வெட்டிய இடங்களிலெல்லாம் கந்தகத் தூள் தூவி, தட்டைக் கழுவித் தண்ணீர் மாற்றினால் போதும். ஆனால் எந்தத் தொட்டி, எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று எல்லாம் சொல்ல வேண்டியிருக்கும். நான் வளையத்தைப் பிரித்தேன், கத்தரியை ஒருமுறை முக்கினேன், துடைத்தேன், விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்களே, அந்தப் பூனைக்கும் அன்றைக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு வந்திருக்கும்.

ஐந்து வாரம் கழித்து மற்ற மேசைகளில் மொட்டுகள் கொக்கிபோல வளைந்து மேலே வந்தன.

"அண்ணா, மூணுல ஏதோ சரியில்ல. வந்து பாருங்க" என்றாள் எறும்பு.

தளிர்கள் வந்திருந்தன. ஆனால் அடியில் பழுத்திருந்தன. ஒன்றைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடியில் கிழங்கு ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது. மச்சானைக் கூப்பிட்டு வரச்சொல்லிவிட்டு அவள் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

மச்சான் ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார், முகர்ந்தார். கத்தரியால் பரவியது என்று புரிய அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"மூணு யாரு வெட்டினது மாப்பிள்ளை?"

"ரெண்டு பேரும் மாறி மாறித்தான் வெட்டினோம்."

அது பொய் இல்லை. எட்டு மேசையையும் சேர்த்துப் பார்த்தால் பொய் இல்லை. அவர் கேட்டது எட்டு மேசையை இல்லை.

அவர் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் செடியைப் பார்த்தேன். பிறகு எறும்பைக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையோடு வந்தாள்.

"போன வருஷமே சொன்னேன்ல? அஞ்சு தொட்டிக்கு ஒருதரம் முக்கற வேலையெல்லாம் வேணாம்னு?"

"அது போன வருஷம் சார். ஒரே ஒரு நாள். மூணாவது மேசையை நான் தொடவே இல்ல."

"தொடாமலா இப்படி ஆச்சு? காத்துல வந்துச்சா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் ஒரு தளிரைக் கையில் வைத்துக்கொண்டு அதை ஆராய்வதுபோல் குனிந்திருந்தேன்.

"மாசக் கடைசியோட நின்னுக்கோ" என்றார் மச்சான். "ரூமையும் காலி பண்ணிடு."

மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. அதே நாளில்தான் தாவர நோய் பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஆள் வருவதாக இருந்தது. அதுவரை மூன்றாவது மேசையைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வைக்கச் சொன்னார்.

விரிப்பைப் போர்த்த நானும் எறும்பும்தான் போனோம். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தோம். அவள் போர்த்தவில்லை. விரிப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு மேசையையே பார்த்தாள். கிணற்றுக்குள் விழுந்த பொருளைத் தேடுகிற பார்வை.

"முதல் வரிசை பத்தும் போச்சு" என்றாள். "ரெண்டாவது பத்தும் போச்சு. மூணாவதும் போச்சு. நாலாவதுல ஆறுதான் போயிருக்கு. நாலு நல்லாருக்கு. கத்தரி அங்க வரப்போ சுத்தமாயிடுச்சு போல."

"ம்."

"அந்த ஆறு எந்தப் பக்கம் இருக்கு பாருங்கண்ணா."

வலது பக்கம் இருந்தது. எனக்குப் பார்க்க வேண்டிய தேவை இல்லை.

"நான் எப்பவும் இடது பக்கத்துலேருந்துதான் தொடங்குவேன். வரிசை முடிஞ்சா திரும்ப நடந்து வந்து இடதுலேருந்தே அடுத்ததை எடுப்பேன். படி ஏறற மாதிரி. நீங்க போறப்போ ஒரு வரிசை, வர்றப்போ ஒரு வரிசை. ஏர் ஓட்டற மாதிரி. சார்கூட கிண்டல் பண்ணுவாரே." அவள் குரலில் கோபம் இல்லை. தொழில் பேசுகிற குரல்தான். "நாலாவது வரிசைல நான் வெட்டியிருந்தா இடதுல இருக்கறது செத்திருக்கும்."

கூரையில் தேங்கிய நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எட்டு மேசைக்கும் அந்த ஒரு சத்தம்தான்.

"மூலைத் தொட்டி நம்மளது இல்ல" என்றாள். "வெட்டறதுக்கு முந்தி பாத்தேன். ரெண்டு வருஷத்துக் குடுவை இருந்துச்சு. நம்ம செடி எதுலயும் ஒரு வருஷத்துக்கு மேல விட மாட்டோம். யாரோடதுன்னும் தெரியும். அதனாலதான் சார் முன்னாடி சொல்லல."

"நான் சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லுங்க. எனக்கு இந்த வயசுல வேற எடம் தேடத் தெம்பு இல்ல."

"நாளைக்கே சொல்லிடறேன்."

"பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு விட்டுடாதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு விரிப்பின் தன் முனையை இழுத்தாள். போர்த்தினோம்.

நாளைக்கு என்றது ஒன்பது நாள் ஆனது. ஒவ்வொரு காலையும் மச்சானிடம் போனேன். தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசினேன், அனுப்ப வேண்டிய பெட்டிகளைப் பற்றிப் பேசினேன். ஒவ்வொரு மாலையும் மனைவி படியிலேயே நின்று கேட்டாள், முளை வந்ததா என்று. மேசையில் ஏதோ நோய், மூடி வைத்திருக்கிறார்கள், எதுவும் பார்க்க முடியாது என்றேன். "எறும்புதான் கத்தரியை முக்காம விட்டுட்டாளாமே" என்றாள். "அண்ணன் சொன்னான்." நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அதைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள், எறும்பு சாப்பிடப் போயிருந்த நேரத்தில், விரிப்பைத் தூக்கி மூலைத் தொட்டியை எடுத்தேன். கிழங்கில் நகக்கண் அளவு வெள்ளைச் சதை இருந்தால்கூடப் போதும். அதை மட்டும் அறுத்து, கந்தகத்தில் புரட்டி, பாசியில் வைத்தால் இரண்டு வருடத்தில் செடியாகும். சுத்தமான கத்தியால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். பழுப்பு. இன்னும் கொஞ்சம். பழுப்பு. கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. சீவியதையெல்லாம் அதே தொட்டியில் போட்டு மண்ணால் மூடி, அதே இடத்தில் வைத்தேன். அப்போதாவது போய்ச் சொல்லியிருக்க வேண்டும். காப்பாற்ற இனி எதுவும் இல்லையே. ஆனால் காப்பாற்ற எதுவும் இல்லாதபோதுதான் மனிதனுக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

மாதக் கடைசி நாள் காலையில் அலுவலகத்து ஆள் வந்தார். பத்து நிமிடம்கூட இருக்கவில்லை. மேசையில் இருந்த அத்தனையையும் எரிக்கச் சொன்னார், ஒரே தட்டுத் தண்ணீர் என்பதால் நல்லதாகத் தெரிந்ததையும் சேர்த்து. பின்கட்டில் மச்சான் தகரப் பீப்பாயை வைத்து, பழைய மரப்பெட்டிகளைக் காலால் மிதித்து உடைத்துக்கொண்டிருந்தார். நான் தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்தேன். நான்காவது நடையில் நின்றுவிட்டேன்.

"மச்சான், மூணாவது மேசையை வெட்டினது நான் மட்டும்தான்."

அவர் ஒரு பெட்டியை உடைத்து முடித்தார். இன்னொன்றை எடுத்தார்.

"தெரியும் மாப்பிள்ளை."

"எப்போலேருந்து?"

"அன்னிக்கே. நாலாவது வரிசையைப் பாத்த உடனே. ஏர் ஓட்டறார்னு பேர் வச்சதே நான்தானே?"

"தெரிஞ்சா ஏன் அவளை..."

"உங்களை நிறுத்தினா யாரை நிறுத்தின மாதிரி? என் தங்கச்சியை. நீங்க அந்த மாடியில இருந்துக்கிட்டு வேற வேலைக்குப் போவீங்களா?" ஆணி நீட்டிய பலகையைப் பீப்பாய்க்குள் செருகினார். "மூலைத் தொட்டி எதுன்னும் தெரியும். ரெண்டு வருஷமா அவ ராத்திரியில நடக்கற சத்தம் என் தலைக்கு மேலதான் கேக்குது. அது அழுகித்தான் இத்தனையும் போச்சுன்னு அவ காதுல விழணுமா? தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும். என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

"எறும்பு எங்க போவா?"

"எறும்புக்கு எங்கயாவது ஒரு பொந்து கிடைக்கும்." சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நாளைக்குப் புது ஆளுங்க வர்றாங்க. புருஷன் பொண்டாட்டி. அந்த ரூமைத்தான் சொல்லியிருக்கேன்."

"அன்னிக்கே நான் சொல்லியிருந்தா?"

அவர் உண்மையிலேயே யோசித்தார். அதற்காகவே அவரை என்னால் வெறுக்க முடியவில்லை.

"அன்னிக்கும் இதேதான் செஞ்சிருப்பேன்" என்றார். "உங்களைப் பேசாம இருக்கச் சொல்லியிருப்பேன். நீங்களே பேசாம இருந்ததுல எனக்கு ஒரு வேலை மிச்சம். தங்கச்சி காதுக்கு மட்டும் போகக் கூடாது. அவ்வளவுதான்."

தீக்குச்சியைக் கிழித்தார். ஈர மண்ணோடு இருந்ததால் முதலில் புகைதான் வந்தது. மூலைத் தொட்டியை நானே போட்டேன்.

மதியத்துக்கு மேல் மாடிக்குப் போய்க் கை கழுவிக்கொண்டிருந்தபோது படியில் காலடி கேட்டது. எறும்பு. இரண்டு கையிலும் இரண்டு பை. பன்னிரண்டு வருடம் அந்த இரண்டு பைக்குள் அடங்கியிருந்தது. மனைவியிடம் சொல்லிக்கொண்டு போக வந்திருந்தாள். மகள் கிடந்த நான்கு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

மனைவி அவளை உட்காரச் சொல்லவில்லை.

"வர்றேன்க்கா."

"ஒரு கத்தரியை முக்க உனக்கு என்னடி கேடு?" என்றாள் மனைவி. அவள் குரல் உயர்ந்து நான் கேட்டு இரண்டு வருடமாகியிருந்தது. "என் பொண்ணோட செடியும் அங்கதான் இருந்துச்சு, தெரியும்ல உனக்கு?"

"தெரியும்க்கா."

"நாலு நாள் அவ தலைமாட்டுல உக்காந்திருந்தியே. அந்தக் கையா இப்படிப் பண்ணுச்சு?"

எறும்பு தன் கையைப் பார்த்தாள். பையின் காது அழுத்தி விரல்கள் வெளுத்திருந்தன. என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கெஞ்சியிருந்தால், முறைத்திருந்தால், எதையாவது பிடித்துக்கொண்டு நானும் பேசியிருப்பேன். அவள் எனக்கு எதுவும் தரவில்லை.

"தப்புதான்க்கா" என்றாள். "மனசுல வச்சுக்காதீங்க."

பிறகு யாரும் பேசவில்லை. சன்னலுக்கு வெளியே புகை சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. அந்த மௌனத்துக்குள் நான் பழகிய இடம் ஒன்று இருந்தது. வசதியான இடம். மகள் போனதிலிருந்து நான் குடியிருந்தது அங்கேதான். இன்னும் ஒரு நிமிடம் அங்கேயே இருந்தால் போதும், அவள் படி இறங்கிவிடுவாள், எல்லாம் முடிந்துவிடும்.

"அவ வெட்டல" என்றேன்.

மனைவி திரும்பினாள்.

"நான்தான் வெட்டினேன். முழு மேசையும். கத்தரியை நான்தான் முக்கல. முதல்ல அழுகினது நம்ம செடிதான். அதுலேருந்துதான் மத்ததெல்லாம். ஒதுக்கு அறையில வைக்காம நேரா கொண்டு போய் வச்சேன். அதுல ஒண்ணும் மிச்சமில்ல. காலைல எரிச்சாச்சு."

ஒரே மூச்சில் சொன்னேன். சொன்னதும் லேசாகும் என்பார்கள். ஆகவில்லை.

மனைவி அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. எறும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அப்புறம் ஏன்டி என்கிட்ட திட்டு வாங்கிட்டு நின்ன?"

எறும்பு பைகளைக் கொஞ்சம் தூக்கிச் சரிசெய்துகொண்டாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா."

மனைவி எழுந்தாள். ஒரு பையை அவள் கையிலிருந்து வாங்கினாள், பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். இருவரும் இறங்கிப் போனார்கள். சன்னலிலிருந்து பார்த்தேன். மனைவி வீட்டுக்குள் போடுகிற செருப்போடுதான் போய்க்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு பை, நடுவில் இரண்டடி இடைவெளி. பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. கண்ணாடிக்கூடத்தின் சுவர் முடியும் இடத்தில் திரும்பி மறைந்தார்கள்.

பஸ் போகும் சத்தம் மாடிவரை கேட்கும். கேட்டது. அதற்குப் பிறகும் நெடுநேரம் அவள் வரவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆறு நிமிட நடைதான். நான் மேசைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையில் இன்னும் கரி இருந்தது.

கடைசியில் வாசல் கேட்டின் தாழ் விழுந்தது. காலடி வந்தது. மாடிப்படிக்கு வரவில்லை. கீழேயே நின்றது. மச்சானின் கதவைத் தட்டினாள். அவள் தன் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டி நான் கேட்டதில்லை, எப்போதும் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போவாள்.

கதவு திறந்தது.

"அண்ணா, இது உனக்கும் தெரியுமா?"

எங்கள் வீட்டுத் தளம் மெல்லியது. கீழே ஒரு கரண்டி விழுந்தால் மேலே தெரியும். பதில் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. இறங்கிப் போக வேண்டும் என்று எழுந்தேன், மாடிப்படியின் உச்சி வரை வந்தேன். கீழே இருவரும் வாசற்படியில் நேருக்கு நேர் நின்றிருந்தார்கள். என் காலடி கேட்டு இருவரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள்.